ஊர்ப் பொதுப் பணத்தில் சேரிக்கு என்ன பங்கு?

"உள்நாட்டு நிகழ்ச்சி தயாரிக்கச் செலவு செய், இல்லையென்றால் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம்" என்று ஓர் அரசு தொலைக்காட்சி முதலாளியிடம் சொன்னால், நல்ல காரியம்தானே என்று நமக்குத் தோன்றும். தோன்றவும் வேண்டும். அலைவரிசை பொதுச்சொத்து. அதில் சம்பாதிப்பவர் அந்த மக்களுக்கு ஏதாவது திருப்பித் தரத்தான் வேண்டும். ஆனால் கிராமத்தில் பிறந்த நம் எவருக்கும் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். கண்மாய் மீன் ஏலப் பணமும் ஊர்ப் பொதுதான், புளியமரக் குத்தகைப் பணமும் ஊர்ப் பொதுதான். அந்தப் பொதுவிலிருந்து சேரிக்கு எத்தனை ரூபாய் வந்தது? "உள்நாடு" என்ற சொல்லையும் இதே சந்தேகத்தோடுதான் நாம் பார்க்க வேண்டும்.

இந்தச் சந்தேகத்தோடு கனடாவைப் பார்ப்போம். உரிமத்தோடு செலவுக் கட்டாயத்தை இணைப்பதில் நீண்ட அனுபவம் உள்ள நாடு அது. நாம் கற்றுக்கொள்ள அங்கே நிறைய இருக்கிறது. ஏமாந்துபோகாமல் இருப்பதற்கான பாடமும் அங்கேயே இருக்கிறது.

கனடாவில் ஒளிபரப்பைக் கண்காணிக்க சி.ஆர்.டி.சி. என்ற ஆணையம் உண்டு. அங்கே உரிமம் என்பது தலைமுறைக்கும் செல்லும் பட்டா அல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிறுவனம் ஆணையத்தின் முன் வந்து நிற்க வேண்டும். அறிவிப்பு வெளியிடுவார்கள், பொது விசாரணை நடத்துவார்கள். தொழிற்சங்கமோ தனிமனிதரோ, யார் வேண்டுமானாலும் கருத்து எழுதி அனுப்பலாம். 2010இல் ஆணையம் ஒரு கொள்கையை வகுத்தது. பெரிய ஆங்கிலத் தொலைக்காட்சிக் குழுமங்கள் தங்கள் வருவாயில் 30 சதவீதத்தைக் கனடிய நிகழ்ச்சிகளுக்குச் செலவிட வேண்டும். அதற்குள்ளேயே நாடகத் தொடர், ஆவணப்படம் போன்றவற்றுக்குத் தனியாக ஒரு குறைந்தபட்சம் உண்டு. காரணம் எளிது. பக்கத்திலேயே அமெரிக்கா இருக்கிறது. அங்கே தயாரான தொடரை வாங்கிப் போடுவதற்கு ஆகும் செலவு, சொந்தமாக ஒன்றை எடுப்பதற்கு ஆகும் செலவைவிட மிகக் குறைவு. கட்டாயம் இல்லையென்றால் எந்த முதலாளியும் எடுக்க மாட்டார்.

2017 மே மாதம் பெல், கோரஸ், ரோஜர்ஸ் குழுமங்களின் உரிமங்கள் புதுப்பிக்கப்பட்டன. நாடகம், ஆவணப்படத்துக்கான அந்தக் குறைந்தபட்சத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி 5 சதவீதம் என்று ஆணையம் வைத்தது. கோரஸுக்கு அதற்கு முன் இருந்தது 9 சதவீதம். எழுத்தாளர்கள், இயக்குநர்கள், நடிகர்கள், தயாரிப்பாளர்கள் என அந்தத் தொழிலில் இருந்தவர்களின் அமைப்புகள் எல்லாம் கொதித்தெழுந்து அமைச்சரவைக்கு மனுப் போட்டன. ஆகஸ்ட் மாதமே அமைச்சரவை அந்த முடிவை ஆணையத்துக்குத் திருப்பி அனுப்பியது. ஓராண்டு கழித்து, 2018 ஆகஸ்டில், புதிய எண்கள் வந்தன: பெல்லுக்கு 7.5, கோரஸுக்கு 8.5, ரோஜர்ஸுக்கு 5 சதவீதம்.

இந்த எண்கள் எந்த நிபுணரின் மேசையிலிருந்தும் வரவில்லை, சண்டை போட்டதால் வந்தன. உரிமம் புதுப்பிக்கும் நாள்தான் முதலாளியின் சட்டைப் பை நம் கைக்கு எட்டும் நாள் என்பது அங்கிருக்கும் தொழிற்சங்கங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, எண் கூடியது. பணம் யாரிடம் போனது?

ஒரு நிகழ்ச்சி "கனடிய நிகழ்ச்சி"தானா என்று பார்ப்பதற்கு அங்கே பத்துப் புள்ளிக் கணக்கு ஒன்று நெடுங்காலமாக இருந்தது. இயக்குநர் கனடியர் என்றால் 2 புள்ளி, எழுத்தாளர் கனடியர் என்றால் 2 புள்ளி, முன்னணி நடிகர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் என்று வரிசையாகப் போகும். பத்துக்கு ஆறு வாங்கினால் தேர்ச்சி. இந்தக் கணக்கு ஒருவரின் குடியுரிமையை மட்டுமே கேட்கிறது. டொராண்டோ பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைக்கும் ரிசர்வ் என்று ஒதுக்கப்பட்ட நிலத்தில் பிறந்த கிரீ இனப் பெண்ணுக்கும் அதில் ஒரே புள்ளிதான். கேட்பதற்குச் சமத்துவம் மாதிரி இருக்கும். கேமராவை முதலில் தொட்டவர் யார், வங்கியில் கடன் கிடைப்பது யாருக்கு, சேனல் அதிகாரியோடு ஒரே கல்லூரியில் படித்தவர் யார் என்ற கேள்விகளைக் கேட்காமல் விட்டால், "உள்நாட்டு" நிதி எந்தத் தெருவுக்குப் போகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

2017 புதுப்பித்தலில் இதற்கு ஒரு பரிகாரம் செய்தார்கள். பூர்வகுடித் தயாரிப்பாளருக்குச் செலவிட்டால் 50 சதவீதம் கூடுதலாகக் கணக்கில் சேரும். அதாவது 1 டாலர் கொடுத்தால் 1.5 டாலர் கொடுத்ததாக எழுதிக்கொள்ளலாம். படிக்கும்போது இனிக்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம்மைச் சேர்த்துக்கொண்டால் முதலாளி மொத்தத்தில் குறைவாகச் செலவழித்தால் போதும் என்பதுதான் இதன் பொருள். இதற்குப் பெயர் தள்ளுபடி, இதைப் பங்கு என்று சொல்ல முடியாது. சேர்த்துக்கொள்ளாவிட்டால் தண்டனையும் இல்லை.

இதைத் தாண்டி அவர்கள் வந்தது 2022 ஜூனில், பொது ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.சி.யின் உரிமத்தைப் புதுப்பித்தபோது. வெளித் தயாரிப்பாளர்களுக்கு ஆங்கிலச் சேவை செலவிடும் தொகையில் 30 சதவீதம், பிறகு 35 சதவீதம், பூர்வகுடிகள், நிறவெறிக்கு ஆளாகும் சமூகத்தினர், மாற்றுத்திறனாளிகள், பாலினச் சிறுபான்மையினர், மொழிச் சிறுபான்மையினர் ஆகிய தயாரிப்பாளர்களுக்குப் போக வேண்டும் என்று ஆணையம் விதித்தது. உள்ளூர்ச் செய்தி, குழந்தைகள் நிகழ்ச்சி போன்றவற்றுக்கு உத்தரவாதம் போதவில்லை என்று அந்த முடிவையும் அமைச்சரவை திருப்பி அனுப்பியது உண்மைதான். ஆனாலும் பணம் எங்கே போகிறது என்பதோடு யாரிடம் போகிறது என்பதும் உரிமத்தின் நிபந்தனை ஆகலாம் என்பது எழுத்தில் வந்துவிட்டது. 2024 ஜூனில், பெரிய இணைய ஒளிபரப்பு நிறுவனங்கள் கனடிய வருவாயில் 5 சதவீதம் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டபோது, அதில் 0.5 சதவீதப் புள்ளியைப் பூர்வகுடித் திரை அலுவலகத்தின் நிதிக்குத் தனியாக எடுத்து வைத்தார்கள். நிறுவனங்கள் நீதிமன்றத்துக்கு ஓடின. அதே டிசம்பரில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் பணம் கட்டுவதை நிறுத்தி வைத்தது. முதலாளிகள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகத் தெரிந்துகொள்ள முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே, 1999இல், பூர்வகுடி மக்களின் ஏ.பி.டி.என். சேனல் நாடு முழுக்க வந்துவிட்டது. கேபிள் நிறுவனங்கள் அதை அடிப்படைத் தொகுப்பிலேயே தர வேண்டும், ஒவ்வொரு சந்தாதாரரும் மாதம் சில சென்ட் கொடுக்க வேண்டும் என்பது விதி. 2018இல் அது 35 சென்ட் ஆனது. 35 சென்ட்டில் யாருடைய குடும்பமும் நடுத்தெருவுக்கு வரவில்லை. ஒரு சேனல் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பூர்வகுடிக் கதை என்று சி.பி.சி. கொண்டாடிய 'டிரிக்ஸ்டர்' தொடரின் படைப்பாளி உண்மையில் பூர்வகுடிதானா என்ற கேள்வி 2020 இறுதியில் வெடித்தது. இரண்டாவது பருவம் கைவிடப்பட்டது. போலிச் சாதிச் சான்றிதழ் வழக்குகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஒதுக்கீடு வந்தால் திருட்டும் வரும். அதற்காக ஒதுக்கீட்டை வேண்டாம் என்று சொல்லும் குரல் யாருடையது என்றும் நமக்குத் தெரியும்.

இனி நம் கதைக்கு வருவோம்.

அலைவரிசை பொதுச்சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில், வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் சொல்லிவிட்டது. பொதுச்சொத்துக்கு வாடகை என்ன? 2022 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட செயற்கைக்கோள் சேனல் வழிகாட்டு நெறிமுறைகளைப் படியுங்கள். அனுமதி பத்து ஆண்டுகளுக்கு. கடமை என்று பார்த்தால், நாளொன்றுக்கு 30 நிமிடம் "தேச நலன்" சார்ந்த நிகழ்ச்சி. அதற்கு எட்டுத் தலைப்புகள். அவற்றில் ஒன்று "சமூகத்தின் நலிந்த பிரிவினர் நலன்". 30 நிமிடமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, துண்டு துண்டாகப் போடலாம். சேனல்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம், மறு ஒளிபரப்பும் செய்யலாம். இவ்வளவு ரூபாய் செலவழிக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. யார் தயாரிக்க வேண்டும் என்றும் கிடையாது. நமக்கு எட்டில் ஒரு தலைப்பு, அதுவும் பழைய துண்டைத் திரும்ப ஓட்டினால் தீர்ந்தது.

புதுப்பித்தல் என்ற ஆயுதம் இந்த அரசுக்குத் தெரியாமல் இல்லை. 2022 ஜனவரியில் மலையாளச் சேனலான மீடியா ஒன்னுக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தார்கள். காரணம் தேசப் பாதுகாப்பு. விவரம் மூடிய உறையில் நீதிபதிக்கு மட்டும். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. ஆக, சேனலின் வாயை மூடுவதற்குப் புதுப்பித்தல் பயன்படும். சேனலின் பணப்பையைத் திறக்க மட்டும் பயன்படாது. அங்கே பொது விசாரணை மண்டபம், இங்கே அமைச்சகக் கோப்பு.

2023 நவம்பரில் வந்த ஒளிபரப்புச் சேவைகள் மசோதா வரைவு இன்னும் வேடிக்கை. சேனல்கள் தாங்களே உள்ளடக்க மதிப்பீட்டுக் குழு வைத்து நிகழ்ச்சிகளுக்குச் சான்று தர வேண்டும் என்றது. அந்தக் குழுவில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினர், பெண்கள் ஆகியோரின் பிரதிநிதிகளும் வேண்டுமாம். கதை எழுத, கேமரா பிடிக்க, பட்ஜெட்டில் கையெழுத்துப் போட நாம் வேண்டாம். அடுத்தவர் எடுத்ததைத் தணிக்கை செய்து, பழியைச் சுமக்க மட்டும் நாம் வேண்டும்.

1996இல் பத்திரிகையாளர் பி.என். உனியால் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடினார். அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியலில் ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. 2019இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து எடுத்த கணக்கில், 121 ஊடகத் தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம். பட்டியல் சாதி, பழங்குடி ஒருவர்கூட இல்லை. இருபத்து மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான சேனல்கள் வந்தன, இணையம் பரவியது. பூஜ்யம் மட்டும் நகரவில்லை. அத்தனையும் உள்நாட்டுச் சேனல், உள்நாட்டு நிகழ்ச்சி, உள்நாட்டுச் சம்பளம்தான்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் காட்சித் தொடர்பியல் படித்தவர், ஒரு சேனலில் ஒளிப்பதிவு உதவியாளர். தன் பகுதித் துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு தொடருக்கான திட்டம் எழுதிக்கொண்டு போனார். "இதுக்கு ஸ்பான்சர் வராதுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நகைக்கடைக்காரர் அதற்கு விளம்பரம் தர மாட்டார். சந்தை தராத இடத்தில் பணத்தை வைக்கத்தான் செலவுக் கட்டாயம் என்ற ஒன்றே தேவைப்படுகிறது. கனடிய நாடகத்துக்கு அமெரிக்கச் சந்தையிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பது நியாயமென்றால், சேரியின் கதைக்குச் சாதிச் சந்தையிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பது அதைவிட நியாயம்.

"தகுதி, தரம்" என்று உடனே கிளம்புவார்கள். கேரளத்தில் அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் பெண் இயக்குநர்களுக்கும் படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் தருகிறது. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரம் திரைப்படக் கொள்கை மாநாட்டில் அடூர் கோபாலகிருஷ்ணன் பேசியது நினைவிருக்கும். அவர்களுக்கு முதலில் பயிற்சி கொடுக்க வேண்டும், ஒருவருக்குத் தருவதை மூன்று பேருக்கு 50 லட்சமாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்றார். அரங்கிலேயே எதிர்ப்புக் குரல் எழுந்தது. அப்பா தயாரிப்பாளர் என்பதால் கோடிகளை வாங்கி, யாரும் பார்க்காத படம் எடுக்கும் பையன்களுக்குப் பயிற்சி முகாம் நடத்த வேண்டும் என்று எந்த மாநாட்டிலாவது யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

அதனால் கோரிக்கை இப்படி இருக்க வேண்டும் என்கிறேன். சேனல் அனுமதியைப் புதுப்பிக்கும்போது வருவாயில் இத்தனை சதவீதம் புதிய நிகழ்ச்சித் தயாரிப்புக்கு என்று ரூபாய்க் கணக்கில் நிபந்தனை வேண்டும். நிமிடக் கணக்கு வேண்டாம். அந்தத் தொகைக்குள் மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதி, பழங்குடித் தயாரிப்பாளர்களுக்குத் தனிப் பங்கு. தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி பட்டியல் சாதியினர் மட்டும் 20 சதவீதம். இது புதிய தத்துவம் ஒன்றும் இல்லை. 1979இல் வந்த சிறப்பு உட்கூறுத் திட்டத்தின் கொள்கையேதான். அந்தத் திட்டத்தின் பணம் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுக்குத் திருப்பிவிடப்பட்ட வரலாறும் நமக்குத் தெரியும். ஆகவே செலவழியாத தொகை சேனலிடம் திரும்பக் கூடாது, அடுத்த ஆண்டுக் கணக்கில் சேர வேண்டும். தயாரிப்பு நிறுவனத்தின் உரிமையாளர் யார், எழுதியவர் யார், இயக்கியவர் யார் என்பது ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். பினாமிக்கு அங்கேதான் கடிவாளம்.

இன்றைக்கே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த 30 நிமிடக் கடமையை நிறைவேற்றியதாகச் சேனல்கள் மாதந்தோறும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் இணையத்தளத்தில் அறிக்கை ஏற்ற வேண்டும். உங்கள் வீட்டில் ஓடும் தமிழ்ச் சேனல்களில் பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "நலிந்த பிரிவினர் நலன்" தலைப்பில் கடந்த ஓராண்டில் எந்த நிகழ்ச்சி, எத்தனை நிமிடம், எத்தனை முறை மறு ஒளிபரப்பு, தயாரித்தது யார் என்று அமைச்சகத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். மழுப்பலாகப் பதில் வந்தால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். மாவட்டத்துக்கு இரண்டு மாணவர்கள் ஆளுக்கொரு சேனலைப் பிரித்துக்கொண்டால் போதும், ஆறு மாதத்தில் பட்டியல் நம் கையில் இருக்கும்.