தலைப்புப் பாட்டுக்குத் தீட்டா?

சீரியல் பாட்டையெல்லாம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதா என்று முகம் சுளிக்கும் இலக்கிய அன்பர்கள், ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குத் திரும்பும் மின்ரயிலில் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம். 2002இல் தொடங்கிய 'மெட்டி ஒலி'யின் பாட்டு இன்னமும் யாரோ ஒருவரின் கைப்பேசியில் ஒலிக்கும். சிப்காட் தொழிலாளி கூடவே முணுமுணுப்பார். இசை தினா, குரல் நித்யஸ்ரீ மகாதேவன் என்பது அவருக்குத் தெரியாமலிருக்கலாம். குற்றம் அவருடையதன்று, எழுதத் தெரிந்தும் எழுதாத நம்முடையது.

ஜப்பானில் 1991இல் 'டோக்கியோ லவ் ஸ்டோரி' தொடருக்காகக் கசுமாசா ஓடா எழுதி, இசையமைத்துப் பாடிய பாட்டு தனி இசைத்தட்டாக வந்து 25 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. தொடர் முடிந்தது, பாட்டும் அவர் பெயரும் நின்றன. இங்கோ, 'ரயில் சினேகம்' தொடருக்கு வி. எஸ். நரசிம்மன் அமைத்த மெட்டை இளையராஜாவுடையது என்று சத்தியம் செய்வோர் உண்டு. நரசிம்மன் ராஜாவின் குழுவில் வயலின் வாசித்தவர்தான். அதற்காக மெட்டையுமா தாரை வார்ப்பது?

வைரமுத்து சினிமாவுக்கு எழுதினால் பக்கம் பக்கமாய் அலசுகிறோம். அவரே 'சித்தி'க்கு எழுதினால் ஏன் ஒரு வரிகூட இல்லை? பாட்டு மோசமென்றால் மோசமென்றாவது எழுதுங்கள். கேட்காமலே ஒதுக்குவதற்கு விமர்சனம் என்று பெயரில்லை.