ஏலம் போட்டால் கணக்கு முடிந்ததா?

நான் வேலைக்குப் போகும் வழியில் தண்டவாளத்தை ஒட்டி ஓர் உள்ளாட்சி நிர்வாகத்தின் வண்டிக் கொட்டடி இருக்கிறது. பெயர் வேண்டாம், டில்லியைச் சுற்றி இப்படி எத்தனையோ. ஆயுள் முடிந்த குப்பை லாரிகளும் தண்ணீர் லாரிகளும் அங்கே வரிசையாக நிற்கின்றன. முதலில் பேட்டரிகள் காணாமல் போயின. பிறகு டயர்கள். எஞ்சின் ஆயில் கசிந்து தரை கறுத்துக் கிடக்கிறது. காற்றைச் சுத்தப்படுத்துவதற்காக ஓய்வு கொடுக்கப்பட்ட வண்டிகளாம் இவை!

தோழர்களே, இதே சட்டம் நம் வாசலுக்கு எப்படி வந்தது என்பதை நாம் அறிவோம். பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2014-லும், பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-லும் பசுமைத் தீர்ப்பாயம் டில்லியில் தடை போட்டது. 2018-ல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. தெருவில் சும்மா நின்ற பழைய ஸ்கூட்டரையும் கிரேன் வைத்துத் தூக்கினார்கள். 2025 ஜூலை 1 அன்று பழைய வண்டிக்குப் பெட்ரோல் இல்லை என்றார்கள். இரண்டே நாளில் பின்வாங்கினார்கள். பி.எஸ்.4 தரத்துக்குக் குறைந்த பழைய வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்று 2025 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கூறியது. ஏழையின் வண்டிக்கு இவ்வளவு அவசரம்.

அரசு வண்டிகளுக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல், பதினைந்து ஆண்டு முடிந்த மத்திய, மாநில அரசு வண்டிகளும் மாநகராட்சி வண்டிகளும் போக்குவரத்துக் கழகப் பஸ்களும் பதிவை இழக்கின்றன. பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில்தான் அவற்றை ஒழிக்க வேண்டும். நல்ல சட்டம்தான். நான் இதை எதிர்க்கவில்லை. நம் பிள்ளைகளும் இந்த நகரத்துக் காற்றைத்தானே சுவாசிக்கிறார்கள்?

என் கேள்வி வேறு. நான் பார்சல் ஆபீசில் இருந்தவன். புக்கிங் ரசீது போட்டதாலேயே பார்சல் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு இல்லை. டெலிவரி புத்தகத்தில் கையெழுத்து விழ வேண்டும். வண்டி உடைப்புக்கும் 2021 விதிகளில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. வண்டியை ஒப்படைத்ததும் தருவது ஒப்படைப்புச் சான்றிதழ். வண்டியை உண்மையில் உடைத்த பிறகு தருவது உடைப்புச் சான்றிதழ். முதல் தாளும் ஏலப் பணமும் வந்ததும் கோப்பை மூடிவிட்டால், அது புக்கிங் ரசீதை வைத்துக் கொண்டு டெலிவரி கணக்கு எழுதுவது போலத்தான். எங்கள் ஆபீசில் அப்படி எழுதினால் மெமோ வரும்.

இதைத் தாள் விவகாரம் என்று ஒதுக்க வேண்டாம். 2010-ல் டில்லி மாயாபுரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். டில்லி பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த ஒரு கருவி, பழைய சாமான் என்று ஏலத்தில் போயிற்று. அதற்குள் கோபால்ட்-60 இருந்தது. காயலாங்கடைத் தொழிலாளர்கள் வெறுங்கையால் அதைப் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார்; பலர் கதிர்வீச்சுக்கு ஆளாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். விற்ற இடத்தில் அது கணக்கு முடிந்த பொருள்.

குப்பை லாரியில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. சி.என்.ஜி. சிலிண்டரில் மிச்ச வாயு இருக்கலாம். அதன் பக்கத்தில் கேஸ் கட்டரைப் பற்ற வைப்பவன் பதினெட்டு வயதுப் பையனாக இருக்கலாம். முதலில் எரிபொருளையும் ஆயிலையும் வடித்து, பேட்டரியையும் வாயுத் தொட்டியையும் கழற்றிய பிறகே வெட்ட வேண்டும் என்பது விதி. அதற்கு இடம் வேண்டும், கருவி வேண்டும், கூலி வேண்டும். இவற்றையெல்லாம் மிச்சம் பிடிக்கும் சந்துக் கடைக்காரனால்தான் இரும்புக்குக் கூடுதல் விலை கொடுக்க முடிகிறது. அந்தக் கூடுதல் விலை அவன் லாபத்திலிருந்து வருவதில்லை. அந்தப் பையனின் நுரையீரலிலிருந்து வருகிறது. ஆகவே, அதிக விலை கேட்டவருக்கு வண்டி என்று ஒரு நகர நிர்வாகம் இருந்தால், அந்தப் பணத்தில் அதற்கும் பங்கு உண்டு. (சந்துக் கடைகளுக்குச் சீல் வைப்பதும் வழியாகாது. 2019 ஏப்ரலில் மாயாபுரியில் அது தடியடியிலும் கல்வீச்சிலும் முடிந்தது; கூலிக்காரனுக்கு வேலையும் போயிற்று.)

நாம் கேட்க வேண்டியவை: உடைப்புச் சான்றிதழ் வரும் வரை எந்த நிர்வாகமும் கோப்பை மூடக் கூடாது. வண்டி எண்ணும் உடைத்த நிலையத்தின் பெயரும் வார்டு அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். உடைக்கும் தொழிலாளிக்குக் கையுறையும் இ.எஸ்.ஐ. அட்டையும் இருக்கின்றனவா என்று ஒப்படைக்கும் அதிகாரியே பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

2023 ஏப்ரலுக்குப் பிறகு எத்தனை வண்டிகள் கழிக்கப்பட்டன, எத்தனைக்கு உடைப்புச் சான்றிதழ் வந்தது, மிச்சம் எங்கே நிற்கின்றன என்று தகவல் உரிமைச் சட்டப்படி கேட்க ஒரு மனு எழுதியிருக்கிறேன். கட்டணம் பத்து ரூபாய். ஒரே ஆள் கேட்டால் கிடப்பில் போடுவார்கள். ஒவ்வொரு வார்டிலிருந்தும் ஒருவர் கேட்க வேண்டும். படிவம் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பகுதிக் கொட்டடியில் நிற்கும் வண்டிகளின் எண்களைக் குறித்துக் கொண்டு வாருங்கள்.