காசநோய்க்கு மருந்து 6 மாசம். தங்க இடம் 5 நாள்

1/ டிஸ்சார்ஜ் பண்ணும்போது "நல்லா சாப்பிடுங்கம்மா, நல்லா தூங்குங்க, மாத்திரையை விடாம போடுங்க"ன்னு எல்லா டாக்டரும் சொல்வோம். அந்தம்மா திரும்பிப் போற இடம் பஸ் ஸ்டாண்டுன்னா? கையில ரெண்டு பிள்ளைகளும் இருந்தா? வீடில்லாத, துணையில்லாத அம்மாக்களைப் பற்றி ஒரு நீண்ட இழை.

2/ முதலில் இருப்பதைச் சொல்லிடறேன். பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் 24 மணி நேரமும் இயங்கணும்னு 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை மாநகராட்சியும் காப்பகங்களை நடத்துது. வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கு 181 எண்ணும் ஒன் ஸ்டாப் சென்டரும் இருக்கு. எல்லாமே உயிர் காக்கும் இடங்கள்.

3/ ஆனா ஒன் ஸ்டாப் சென்டரில் தங்குவது 5 நாள் வரை என்பது விதி. காசநோய்க்கு மருந்து குறைந்தது 6 மாசம். கூட இருக்கும் சின்னக் குழந்தைக்கும் தடுப்பு மருந்து மாசக்கணக்கில் கொடுக்கணும். ரத்தசோகைக்கும் அப்படித்தான். எந்த உடம்பும் 5 நாளில் தேறாது.

4/ அடுத்த சிக்கல், ஆண் பிள்ளை. பெண்களுக்கான அரசு விடுதிகளின் விதிப்படி ஒரு குறிப்பிட்ட வயசு வரைக்கும்தான் பையன் அம்மாவோடு இருக்கலாம். அதுக்கு மேல குழந்தைகள் இல்லம். அந்த வரம்பு மற்ற பெண்களின் பாதுகாப்புக்காக வைத்தது, அதில் நியாயம் உண்டு. ஆனா பிள்ளையைப் பிரிவதா, தெருவில் படுப்பதான்னு கேட்டா, பல அம்மாக்கள் தெருவைத்தான் தேர்ந்தெடுப்பாங்க. பொது ஹாலுக்குப் பதிலா உள்ளே தாழ்ப்பாள் போட்ட ஒரு சின்ன அறை கொடுத்தால் இந்தக் கேள்வியே எழாது.

5/ மூணாவது, விலாசம். பெயர் கணவரின் ரேஷன் கார்டில் இருக்கும். அதிலிருந்து நீக்கி, புது விலாசம் காட்டினால்தான் தனி கார்டு. ரேஷன் கார்டு இல்லைன்னா முதலமைச்சர் காப்பீடும் கிடையாது, மகளிர் உரிமைத் தொகையும் கிடையாது. யாருக்கு அதிகம் தேவையோ, அவங்களுக்குத்தான் கதவு மூடியிருக்கு.

6/ "வேலைக்குப் போய் வாடகைக்கு இருக்கலாமே?" போறாங்க. வீட்டு வேலை, ஹோட்டலில் பாத்திரம் கழுவுறது, சித்தாள் வேலைன்னு. ஆனா பல மாச வாடகையை அட்வான்ஸா மொத்தமா யார் தருவா? "வீட்டுக்காரர் எங்கம்மா?"ன்னு கேட்டுட்டுக் கதவைச் சாத்துபவர்களும் நாமதானே?

7/ தேவை இதுதான்: ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை தங்க, குடும்பத்துக்கு ஓர் அறை. அரசு ஏற்கும் விலாசச் சான்று. நடந்து போகும் தூரத்தில் அங்கன்வாடி, பள்ளி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்க ஆள். சம்பளத்தில் ஒரு பகுதி அட்வான்ஸுக்காக அவங்க பெயரிலேயே சேரணும். வேலைக்குப் போகும் பெண்களுக்குத் 'தோழி' விடுதிகளை நல்லா நடத்தும் மாநிலம் இது. அடுத்த படியா இதையும் செய்ய முடியும்.

8/ "இலவசமா கொடுத்தா அங்கேயே உட்கார்ந்திடுவாங்க"ன்னு சிலர் சொல்வாங்க. கால் முறிஞ்சா மாவுக்கட்டு போடறோம். கட்டுக்குப் பழகிடுவாங்கன்னு யாரும் பயப்படுறதில்லை. எலும்பு கூடுற வரைக்கும் அசையாம பிடிச்சுக்க ஒண்ணு வேணும். பிரிச்சதும் நடக்கத்தான் போறாங்க. ஆனா 5-வது நாளே கட்டைப் பிரிச்சா எலும்பு கோணலாத்தான் கூடும்.

9/ சக மருத்துவர்களுக்கு: டிஸ்சார்ஜுக்கு முன்னாடி "இன்னிக்கு ராத்திரி எங்கம்மா தூங்குவீங்க?"ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா மருத்துவமனை சமூகப் பணியாளரைக் கூப்பிடுங்க.
மற்றவர்களுக்கு: உங்க கவுன்சிலரிடம் கேளுங்க, "நம்ம வார்டில் தாயும் பிள்ளையும் சேர்ந்து தங்க ஓர் இடம் இருக்கா?" அவசரத்துக்கு: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. சேமிச்சு வெச்சுக்குங்க.