பந்து போட ஆள் தேவை

நெதர்லாந்து கிரிக்கெட் அணி 2023 உலகக்கோப்பைக்கு இந்தியா வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் இணையத்தில் ஒரு விளம்பரம் கொடுத்தது. மேட்டர் இவ்வளவுதான். இந்தியாவில் எங்கள் பயிற்சி முகாமுக்குப் பந்து போட ஆள் தேவை, நீங்கள் போடுகிற வீடியோவை அனுப்புங்கள். சுமார் பத்தாயிரம் பேர் அனுப்பினார்கள். நாலு பேரை எடுத்தார்கள். அதில் ஒருத்தர் நம்ம சென்னைக்காரர். இடக்கை சுழல். பிழைப்புக்கு வண்டியில் சாப்பாடு டெலிவரி.

பேப்பர், டிவி எல்லாம் அவரைக் கொண்டாடித் தீர்த்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அந்தச் செய்திக்கு இன்னொரு பக்கம் இருக்கே, அதை யாரும் பெரிசா கண்டுக்கல. உலகக்கோப்பை ஆட வர்ற ஒரு நாடு, நெட்ஸ்ல பந்து போட ஆள் வேணும்னு விளம்பரம் குடுக்குது. இந்தியாவோ ஆஸ்திரேலியாவோ இப்படிக் கொடுக்குமா? போன இடத்தில் வரிசையில் நிற்பார்கள்.

இதைவிட ஒரு வேடிக்கை. அந்த நெதர்லாந்து டீமில் பால் வான் மீகரன் என்று ஒரு வேகப்பந்து வீச்சாளர் உண்டு. 2020-ல் கொரோனாவால் டி20 உலகக்கோப்பை தள்ளிப்போனபோது, ஃபைனல் நடந்திருக்க வேண்டிய சமயத்தில், தான் சாப்பாடு டெலிவரி செய்து குளிர்காலத்தை ஓட்டுவதாக ட்விட்டரில் எழுதியவர். ஆக 2023-ல் பெங்களூரு பக்கம் ஆலூர் மைதானத்தில் அந்தப் பக்கமும் ஒரு டெலிவரிக்காரர், இந்தப் பக்கமும் ஒரு டெலிவரிக்காரர். நான் கதை எழுதியிருந்தால் ஓவர் சினிமா என்று திட்டியிருப்பீர்கள் :-)

அந்த டீம் 2023 ஜூலையில் புலவாயோவில் தகுதி பெற்றது. அக்டோபர் 6-ம் தேதி ஹைதராபாத்தில் பாகிஸ்தானோடு ஆடும் வரை இடையில் ஒரு சர்வதேச ஒரு நாள் மேட்ச்கூட அவர்களுக்கு இல்லை. யாரும் கொடுக்கவில்லை. கர்நாடகா டீமோடு ஆடிப் பழகினார்கள். அப்புறம் அக்டோபர் 17, தர்மசாலாவில் தென்னாப்பிரிக்காவை 38 ரன்னில் கவிழ்த்தார்கள். கொல்கத்தாவில் பங்களாதேஷையும் தோற்கடித்தார்கள்.

உடனே ஒரு கோஷ்டி கிளம்பும். "பாத்தியா, மேட்ச் இல்லாமயே ஜெயிச்சுட்டான், தயாரிப்பெல்லாம் சும்மா பேச்சு." ஐயா, ஒன்பது மேட்சில் ரெண்டு ஜெயிச்சு, பட்டியலில் கடைசி இடம். அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

என் கட்சி இதுதான். சின்ன டீம்களுக்குத் திறமை பஞ்சம் இல்லை. பஞ்சம் ரெண்டே விஷயத்துக்கு: லீவு, மேட்ச். மற்றதெல்லாம் அப்புறம்.

லீவு என்றதும் நம்மாள் ஒருத்தர் ஞாபகம் வராமல் இருக்குமா? சௌரப் நேத்ரவல்கர். மும்பைக்காரர். 2010 அண்டர்-19 உலகக்கோப்பையில் இந்தியாவுக்கு ஆடியவர், அப்புறம் அமெரிக்கா போய் மேல்படிப்பு, ஆரக்கிளில் வேலை. 2024 ஜூன் 6, டல்லாஸில் பாகிஸ்தானுக்கு எதிராக நாலு ஓவரில் 18 ரன், 2 விக்கெட். மேட்ச் டை. சூப்பர் ஓவரில் 19 எடுக்க வேண்டிய பாகிஸ்தானை 13-ல் நிறுத்தியதும் இதே கைதான். டூர் போனாலும் லேப்டாப் கூடவே போகும் என்று அவர் குடும்பத்தார் சொன்னது செய்தியாக வந்தது. நம்மில் பாதிப்பேர் கல்யாணத்துக்கு லீவு போட்டே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள். அதனால் சாஃப்ட்வேர் ஜாதி மொத்தமும் அன்றைக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது. நானும்தான்.

எங்க ஆரம்பாக்கம் பக்கம் ஏரிக்கரைக் குப்பங்களில் டென்னிஸ் பால் டோர்னமெண்ட் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதுசே இல்லை. பதினோரு பேரில் நாலு பேருக்கு ஸ்ரீசிட்டியிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ ஷிஃப்ட். மூணு பேர் விடியக்காலம் வலைக்குப் போய் வந்து, உப்பு காயாத சட்டையோட நிப்பான். பதினோரு பேரும் முதல் தடவையா ஒண்ணா சேர்றது டாஸ் போடறப்பத்தான். ஒருத்தன் அடிச்சா அடிச்சதுதான், கேட்ச் கூப்பிடறதுல ரெண்டு பேரு மோதிப்பான். திறமையில் குறை சொல்ல முடியாது. சேர்ந்து ஆடின நாள்தான் குறைவு.

அமெரிக்கா பாகிஸ்தானை ஜெயித்ததை எல்லாரும் அதிசயம் என்றார்கள். ஆனால் அதற்கு ரெண்டு வாரம் முன்னால், 2024 மே மாதம், ஹூஸ்டன் பக்கம் பங்களாதேஷோடு மூணு டி20 ஆடி 2-1 என்று தொடரையே ஜெயித்திருந்தார்கள். டெஸ்ட் ஆடும் நாட்டோடு மூணு மேட்ச். சூப்பர் ஓவரில் கை நடுங்காததற்கு அந்த மூணு மேட்சுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

நேபாளத்தைப் பாருங்கள். 2024 ஏப்ரலில் வெஸ்ட் இண்டீஸ் 'ஏ' டீம் கீர்த்திபூருக்கு வந்து அஞ்சு டி20 ஆடியது. நேபாளம் ரெண்டு ஜெயித்தது. ஜூனில் உலகக்கோப்பையில் தென்னாப்பிரிக்காவிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றார்கள். 115-க்கு 114. அடுத்த வருஷம் செப்டம்பரில் ஷார்ஜாவில் வெஸ்ட் இண்டீஸோடயே மூணு மேட்ச் தொடர் கிடைத்தது. 2-1. ரெண்டாவது மேட்சில் வெஸ்ட் இண்டீஸ் 83 ஆல் அவுட்! டெஸ்ட் நாடு ஒன்றைத் தொடரில் ஜெயித்தது நேபாளத்துக்கு அதுதான் முதல் தடவை.

நமீபியாவுக்கு மொத்த ஜனத்தொகையே 30 லட்சம் சொச்சம். சென்னையில் பாதிகூட வராது. 2025 அக்டோபர் 11, வின்ட்ஹூக்கில் புது மைதானம் திறக்கிற அன்றைக்கு தென்னாப்பிரிக்கா வந்து ஒரே ஒரு டி20 ஆடியது. கடைசிப் பந்தில் நமீபியா ஜெயித்தது. பக்கத்து வீட்டுக்காரன்தான், ஆனா இத்தனை வருஷத்துல ரெண்டு நாடும் ஆடின முதல் டி20 அது.

2026 உலகக்கோப்பைக்கு ஸ்காட்லாந்து தயாரான கதை இன்னும் மோசம். தகுதிச் சுற்றில் தோற்று வெளியே இருந்தார்கள். பங்களாதேஷ் இந்தியாவுக்கு வரமாட்டேன் என்று நின்றதில், ஜனவரி 24-ம் தேதி, அவர்கள் இடத்தில் நீங்கள் ஆடுங்கள் என்று ஐசிசி சொன்னது. முதல் மேட்ச் பிப்ரவரி 7, கொல்கத்தா. ரெண்டே வாரம்! விசா, டிக்கெட், வேலை பார்க்கிற இடத்தில் லீவு, எல்லாம் அதற்குள். ரிலீஸுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது வேற டீம் ப்ராஜெக்டைத் தூக்கி நம்ம தலையில் வைப்பார்களே, அதே கதை. செஞ்சா பேரு அவங்களுக்கு, சொதப்பினா நாம.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். 2024-27 காலத்துக்கு ஐசிசி வருமானம் பிரிக்கும் கணக்கு 2023-ல் வெளியே வந்தது. இந்தியாவுக்கு மட்டும் 38.5 சதவீதம். டெஸ்ட் ஆடும் 12 நாடுகள் போக, மீதி இருக்கிற 90க்கும் மேற்பட்ட நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 11 சதவீதம் சொச்சம். இந்தியாவில் இருந்துதான் காசு வருது, அதனால இந்தியாவுக்குத்தான் போகணும் என்று வாதாடுபவர்கள் உண்டு. வியாபாரமாகப் பார்த்தால் சரிதான், நான் மறுக்கவில்லை. நான் கேட்பது காசைக்கூட இல்லை, மேட்சை.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாகப் படுகிற இடம் ஏரியில் கொஞ்சம்தான். அதை யாரும் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ள முடியாது. சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் உனக்கு என்றால் நாளைக்கு எனக்கு. வெளியூரிலிருந்து ஆராய்ச்சி பண்ண வருகிறவர்கள் இதைப் பார்த்து ஆகா ஓகோ என்பார்கள். நானும் சின்ன வயசில் இருந்து பெருமையாகக் கேட்ட விஷயம்தான். ஆனா ஒண்ணு, பாட்டில் பேர் இருந்தால்தான் முறை வரும். பரம்பரையாகப் பேர் இல்லாதவன் ஓரமாக நின்று கிடைத்ததைப் பிடிக்க வேண்டியதுதான். அது சம்பந்தமான தகராறு ஏரிக்கரையில் ஒரு தனிக்கதை, இங்கே வேண்டாம்.

கிரிக்கெட்டில் நடப்பதும் அச்சு அசல் அதுதான். யார் யாரோடு எப்போது ஆடுவது என்று நாலு வருஷத்துக்கு அட்டவணை போடுகிறார்களே, அதில் 12 பேர். அந்த 12-லும் மூணு பேருக்கு நல்ல இடம் கொஞ்சம் அதிகமாகவே வரும், அதை விடுங்கள். மீதி 90 சொச்சம் பேரும் ஓரத்தில். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் உலகக்கோப்பை என்று நடுஏரிக்குக் கூட்டிப்போய், பிடி பார்க்கலாம் என்பார்கள். பிடிக்கவில்லை என்றால், பாரு இவனுக்கெல்லாம் எதுக்கு இடம்!

ஒருதலைப்பட்சமான மேட்சுகள் நடக்கத்தான் செய்கின்றன. 2024-ல் உகாண்டா வெஸ்ட் இண்டீஸிடம் 39-க்கு ஆல் அவுட். 2022-ல் அமீரகம் இலங்கையிடம் 73. ஆனால் அந்த 73 மேட்சிலேயே சென்னையில் பிறந்த கார்த்திக் மெய்யப்பன், ராஜபக்ச, அசலங்க, ஷனக மூணு பேரையும் வரிசையாக எடுத்து ஹாட்ரிக் போட்டார். ரெண்டு நாள் கழித்து அதே அமீரகம் நமீபியாவை ஜெயித்தது. அந்த நமீபியா யாரு? நாலு நாள் முன்னால் இலங்கையை 55 ரன்னில் அடித்தவர்கள். ஸ்கோர் கார்டில் ஒரு வரியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

எல்லாப் பழியையும் பெரிய நாடுகள் மேல் போடவும் எனக்கு இஷ்டமில்லை. அமெரிக்க வாரியத்தின் லட்சணத்தைப் பார்த்து ஐசிசியே 2025 செப்டம்பரில் அதன் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. கென்யா 2003 உலகக்கோப்பையில் செமிஃபைனல் வரை போன நாடு. நைரோபியில் காலின்ஸ் ஒபுயா இலங்கையின் அஞ்சு விக்கெட்டைச் சுருட்டியது ஞாபகம் இருக்கா? 2011-க்கு அப்புறம் அவர்களை உலகக்கோப்பையிலேயே பார்க்க முடியவில்லை. வாரியத்துக்குள் அடிதடி ஒரு பக்கம். ஆனால் அந்த செமிஃபைனலுக்கு அப்புறம் பெரிய டீம்கள் வருஷா வருஷம் நைரோபிக்குப் போயிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2007 டி20 உலகக்கோப்பையில் நியூசிலாந்திடம் 73-க்குச் சுருண்டபோதே எல்லாம் முடிந்துவிட்டது.

சும்மா குறை சொல்லாமல் வழி சொல்லு என்பீர்கள். வழி சேப்பாக்கத்திலேயே இருக்கிறது. அதுவும் எழுபது வருஷப் பழசு.

எம்.ஜே. கோபாலன் தெரியும்தானே? 1934-ல் ரஞ்சி டிராபியின் முதல் பந்தைப் போட்டவர். கிரிக்கெட், ஹாக்கி ரெண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். அவர் பேரில் 1952-53-ல் ஒரு கோப்பை ஆரம்பித்தார்கள். மெட்ராஸ் அணிக்கும் சிலோன் அணிக்கும். ஒரு தடவை இங்கே, ஒரு தடவை கொழும்பில். நடுநடுவே சில வருஷம் விட்டுப்போனாலும் எண்பதுகளின் ஆரம்பம் வரை ஓடியது. அன்றைக்கு சிலோன் யாரு? இன்றைய நேபாளம் மாதிரி, நமீபியா மாதிரி. டெஸ்ட் கிடையாது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியாக்காரர்கள் கப்பலில் போகிற வழியில் கொழும்பில் இறங்கி ஒரு நாள் ஆடிவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான். அப்படிப்பட்ட நாட்டுக்கு முதல்தர மேட்ச் ஒன்றை நிலையாகக் கொடுத்தது நம்ம ஊர். நாடு இல்லை, ஒரு மாநில டீம்!

1979 உலகக்கோப்பையில் அந்தச் சின்ன டீம் மான்செஸ்டரில் இந்தியாவையே 47 ரன்னில் தோற்கடித்தது. 1981-ல் டெஸ்ட் அந்தஸ்து. 1982 செப்டம்பரில் இந்தியாவில் அவர்களுடைய முதல் டெஸ்ட் எங்கே? சேப்பாக்கம். துலீப் மெண்டிஸ் ரெண்டு இன்னிங்ஸிலும் 105, 105. 1996-ல் உலகக்கோப்பை. கோபாலன் கோப்பையால்தான் எல்லாம் வந்தது என்று அளக்க மாட்டேன், கொழும்பு ஸ்கூல் கிரிக்கெட் தனி சமாச்சாரம். ஆனால் வெளியே ஆள் இல்லாத காலத்தில் கூடவே ஆடிய பக்கத்து ஊர் நாம்தான்.

ஆப்கானிஸ்தானுக்கு நொய்டா, டேராடூன், லக்னோ மைதானங்களைக் கொடுத்தது இந்தியா. அவர்கள் 2024-ல் செமிஃபைனலுக்கே போனார்கள். இங்கிலாந்து கவுண்டி டோர்னமெண்டில் நெதர்லாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடிய காலம் உண்டு. அதனால் முடியாத காரியம் ஒன்றும் இல்லை. அடுத்த டி20 உலகக்கோப்பை 2028-ல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும். அதற்குள் தமிழ்நாடு அணியோ ஒரு டிஎன்பிஎல் லெவன் டீமோ வருஷத்துக்கு அஞ்சு டி20 ஒரு சின்ன நாட்டோடு ஆடினால் பிசிசிஐ ஒன்றும் ஏழையாகிவிடாது. நம்ம பசங்களுக்கும் லாபம். ஐபிஎல் பெஞ்சில் ரெண்டு மாசம் தண்ணி பாட்டில் தூக்குவதைவிட, ஒரு நாட்டு டீமுக்கு எதிரா நாலு ஓவர் போடுறது எவ்வளவோ மேல். முக்கியமா, நெட்ஸுக்கு ஆள் தேடி யாரும் விளம்பரம் குடுக்க வேண்டாம். ஐந்தாவது டிவிஷன்ல நூத்துக்கணக்குல பசங்க இருக்காங்க.

நேபாளம் முதல்ல வரட்டும். சேப்பாக்கம் பெரிசுன்னா சின்ன கிரவுண்ட் எதுனாலும் சரி. சூலூர்பேட்டையிலிருந்து வர்ற முதல் வண்டியைப் புடிச்சு ஆரம்பாக்கத்திலிருந்து நான் வந்துடறேன். ஓசி பாஸ் வேணாம், காசு குடுத்தே பாக்கறேன்.