பைகள் வந்தால் மட்டும் போதுமா?

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவரின் உயிருக்கு எதனால் ஆபத்து என்று கேட்டால், சிறுநீரகத்தையே பலரும் காரணமாகச் சொல்வோம். ஆனால், அவர்களின் உயிரை அதிகம் பறிப்பது இதயநோய்தான். வீட்டிலேயே டயாலிசிஸ் என்னும் நல்ல ஏற்பாடு பரவிவரும் இந்நேரத்தில் இதை நினைவூட்டுவது அவசியம் என்று கருதுகிறேன்.

தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சுய டயாலிசிஸுக்கான பைகளை நோயாளியின் வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. மத்திய அரசும் தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் வயிற்றுவழி டயாலிசிஸுக்கான வழிகாட்டுதல்களை 2019-இல் வெளியிட்டது. வாரத்தில் இரண்டு, மூன்று நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்கு அலையும் ஏழைக்கு இது பெரும் விடுதலை.

இந்த முறையில் வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக ஏறத்தாழ 2 லிட்டர் திரவம் உள்ளே செலுத்தப்படுகிறது. சில மணி நேரம் கழித்து அது வெளியேற்றப்பட்டு, புதிய திரவம் நிரப்பப்படுகிறது. பெரும்பாலும் நாளொன்றுக்கு 3 அல்லது 4 முறை இவ்வாறு மாற்றுகின்றனர். திரவத்திலுள்ள சர்க்கரைதான் உடலின் மிகை நீரை ஈர்த்தெடுக்கிறது. ஈர்க்கப்படாத நீரும் உப்பும் உடலில் தேங்கினால் ரத்த அழுத்தம் உயர்கிறது; ஓயாமல் எதிர்த்து உழைக்கும் இதயத்தின் சுவர் தடித்து, ஒரு கட்டத்தில் தளர்ந்துபோகிறது.

இயந்திர டயாலிசிஸுக்கு வருபவரின் எடையையும் ரத்த அழுத்தத்தையும் செவிலியர் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்கிறார். வீட்டில் செய்துகொள்பவரை மருத்துவர் பார்ப்பதோ மாதத்துக்கொரு முறை, அல்லது அதனினும் அரிதாக. கால் வீக்கமும் மூச்சிரைப்பும் மெல்ல மெல்ல வருவதால், நோயாளியே அவற்றை இயல்பென்று எண்ணிவிடுகிறார். வீட்டு டயாலிசிஸின் பலவீனம் இந்தக் கண்காணிப்பு இடைவெளிதான்.

தேங்கிய நீரை எடுக்க, சர்க்கரைச் செறிவு மிகுந்த பையைப் பயன்படுத்தலாம். ஆனால், அந்தச் சர்க்கரை உடலிலும் சேர்கிறது. வடிகட்டும் வயிற்றுச் சவ்வும் நாளடைவில் பழுதுபடுகிறது. ஆகவே, உப்பைக் குறைப்பதே முதல் மருந்து. எல்லோருக்குமே நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு இல்லாமல் சோறு இறங்காத நம் வீடுகளில் இது எளிதன்று. சமைப்பவருக்கும் சேர்த்துச் சொன்னால்தான் நடக்கும்.

மீதமிருக்கும் சிறுநீரும் இதயத்துக்கு அரண். கனடா, அமெரிக்க நோயாளிகளைப் பற்றி 2001-இல் வெளியான பகுப்பாய்வில், நாளொன்றுக்கு 250 மில்லி சிறுநீர் கூடுதலாகக் கழிப்போருக்கு இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைவாக இருந்தது. மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கும் வலிநிவாரணிகள் சில, இந்த எஞ்சிய செயல்திறனையும் அழித்துவிடக்கூடும். ரத்த அழுத்தத்தை அளவுக்கு மீறிக் குறைப்பதும் தீங்கே. 140/90-க்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பது வயிற்றுவழி டயாலிசிஸுக்கான சர்வதேச சங்கத்தின் 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரை. தலைசுற்றும் அளவுக்குத் தாழ்ந்தால் மருந்தை மருத்துவர் திருத்தியமைக்க வேண்டும்.

இதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தின் பணியாளர்கள் ஏற்கெனவே வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தம் பார்க்கின்றனர். டயாலிசிஸ் நோயாளியின் வீட்டையும் தவறாமல் அந்தச் சுற்றில் சேர்க்க வேண்டும். பைகளுடன் ரத்த அழுத்தக் கருவி, எடை பார்க்கும் கருவி, குறிப்பேடு ஆகிய மூன்றையும் வழங்கலாம். காலை எடை, ரத்த அழுத்தம், வெளியேறிய திரவத்தின் அளவு, சிறுநீரின் அளவு ஆகியவற்றை நாள்தோறும் எழுதிவைக்கப் பழக்க வேண்டும். எடை திடீரெனக் கூடினால் யாரை அழைப்பது என்பதும் அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மாதந்தோறும் வந்து சேரும் பைகளுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு சிறிது. எத்தனை பைகள் வழங்கினோம் என்று கணக்கிடும் அரசுகள், எத்தனை பேரின் ரத்த அழுத்தம் கட்டுக்குள் உள்ளது என்பதையும் கணக்கிடத் தொடங்க வேண்டும்.