வெள்ளமும் வீட்டு இன்ஷூரன்ஸும்

2015ஆம் வருஷம் டிசம்பர் மாத ஆரம்பத்தில் அடையாறு கரைபுரண்டு சென்னைவாசிகளின் வீடுகளுக்குள் புகுந்தது. குடிசை என்றும் மாடிவீடு என்றும் அது பேதம் பாராட்டவில்லை. வெள்ளம் வடிந்தபின், குடிசை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாயும் ஏனையோருக்கு 5,000 ரூபாயும் சர்க்கார் வழங்கிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. அதே மாதத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணித் தீரம் தத்தளித்தபோதும், கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களுக்குக் கிடைத்தது அதே 6,000 ரூபாய்தான்.

இவ்வுதவியை நாம் குறைகூற வரவில்லை. பசித்தவனுக்கு அன்றைய சோறு அது. ஆனால் இடிந்த சுவரை எழுப்ப அது போதுமா? நிவாரணம் என்பது கொடுப்பவரின் மனத்தையும் கஜானாவின் நிலைமையையும் பொறுத்தது. இன்ஷூரன்ஸோ ஓர் ஒப்பந்தம். கையேந்தாமல், உரிமையுடன் கேட்டு வாங்கக்கூடியது. மானமுள்ள பிரஜைக்கு இவ்விரண்டில் எது ஏற்றது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்ஷூரன்ஸ் நமக்குப் புதிதுமன்று. சுதேசி இயக்கம் மும்முரமாயிருந்த 1906இல், சென்னையில் யுனைடெட் இந்தியா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கல்கத்தாவில் நேஷனல் கம்பெனியும் ஸ்தாபிக்கப்பட்டன. 1973இல் பொது இன்ஷூரன்ஸ் தேசிய உடைமையாயிற்று. இத்தகைய பரம்பரை இருந்தும், ஆயுளுக்குப் பாலிஸி எடுக்கிறவர், சட்டத்துக்குப் பயந்து மோட்டார் வண்டிக்கும் எடுக்கிறவர், ஆயுள் முழுதும் உழைத்துக் கட்டிய வீட்டை மட்டும் வருண பகவானின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்.

2021 ஏப்ரல் 1ஆம் தேதி முதல், ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுமாதிரி வீட்டுப் பாலிஸி அமுலில் இருக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், பூகம்பம், சுனாமி, நிலச்சரிவு ஆகிய யாவும் இதில் அடங்கும். எடுப்போர் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மனையின் விலையைக் கணக்கில் சேர்க்கலாகாது. வெள்ளம் மனையைக் கொண்டுபோவதில்லை. கட்டடத்தை மறுபடி எழுப்ப என்ன செலவாகுமோ அதுவே தொகை. அத்தொகையில் 20 சதவிகிதம், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல், வீட்டுச் சாமான்களுக்குத் தானே கிடைக்கும். அதிகம் வேண்டுவோர் விவரம் எழுதிக் கேட்க வேண்டும். நகைகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. ரொக்கம், பத்திரங்கள், மோட்டார் வண்டி ஆகியவை இதில் சேரா. பாங்குக் கடனுக்காகப் பாலிஸி எடுத்தவர்கள், அது கட்டடத்துக்கு மட்டுமா, சாமான்களுக்குமா என்று இன்றே படித்துப் பார்ப்பது நலம்.

வாடகைக்குக் குடியிருப்போர், “வீடு நம்முடையதன்றே, நமக்கேன் இந்தக் கவலை?” என்கிறார்கள். கட்டடம் வீட்டுக்காரருடையது, மெத்தையும் அலமாரியும் தையல் யந்திரமும் யாருடையவை? வீட்டுக்காரரின் பாலிஸி குடித்தனக்காரரின் சாமான்களுக்கு ஒரு காசும் தராது. ஆனால் சாமான்களுக்கு மட்டும் பாலிஸி எடுக்க வழியிருக்கிறது. வருஷந்தோறும் வீடு மாறும் குடும்பங்களே இதை முதலில் கவனிக்க வேண்டும்.

பிரீமியம் வாங்கும்போது காட்டும் முகமலர்ச்சியைக் கம்பெனிகள் நஷ்டஈடு கொடுக்கும்போது காட்டுவதில்லை என்று சொல்லப்படுகிறது. இதில் உண்மை இல்லாமலில்லை. அதற்காக உரிமையைக் கைவிடுவது பரிகாரமாகாது. சாமான்களின் புகைப்படங்களையும் ரசீதுகளையும் வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும். சேதம் கண்டவுடன் தெரிவிக்க வேண்டும். கம்பெனி நியாயம் மறுத்தால், சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் இருக்கிறார். கட்டணமின்றி மனுச் செய்யலாம்.

அன்றாடக் கூலியில் ஜீவிக்கும் குடிசைவாசியைப் பிரீமியம் கட்டச் சொல்வது மட்டும் அநீதி. அவருக்காகச் சர்க்காரே அப்பாரத்தை ஏற்க வேண்டும். நாகாலாந்து சர்க்கார் 2024இல் அதிமழை நஷ்டத்துக்காகத் தன் பொறுப்பிலேயே ஓர் இன்ஷூரன்ஸ் ஏற்பாடு செய்துகொண்டது. சிறிய ராஜ்யம் செய்ததைப் பெரிய ராஜ்யம் செய்யலாகாதா? மேலும், பாலிஸி இருக்கிறதென்பதற்காக ஏரிகளை ஆக்கிரமிக்கவோ, கால்வாய்களைத் தூர்க்கவோ யாருக்கும் லைசென்ஸ் கிடைத்துவிடாது. நஷ்டஈடு நஷ்டத்தைத் தடுக்காது.

வெள்ளத்தில் படகு ஓட்டிய ஊழியர்களின் தொண்டை நாடு மறவாது. அவர்கள் வெயிற்காலத்திலும் ஒரு தொண்டு செய்ய வேண்டும். வார்டு வார்டாகச் சென்று, பாலிஸிகளைப் படித்துக் காட்டி, ஜனங்களுக்கு இவ்விஷயத்தை விளக்குவார்களாக. புயல் கூண்டு ஏறிய பிறகு பாலிஸி தேடிப் பயனில்லை.