போகும்போது என்ன கொடுத்தார்கள்?

போன தவணையில் எங்கள் பாடசாலைக்கு ஒரு கம்பனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகளுக்குப் புத்தகப்பையும் கொப்பிகளும் கொடுத்தார்கள். ஒவ்வொரு பையிலும் கம்பனியின் பெயர் பெரிதாக இருந்தது. பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தார்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் பக்கத்தில் நின்றோம். பை தேவைதான்; வாங்கியது தவறு என்று சொல்லமாட்டோம்.

அந்த வரிசையில் நின்ற ஒரு பிள்ளையின் தாய், அதே கம்பனியின் தென்னந்தோட்டத்தில் பன்னிரண்டு வருடம் தேங்காய் பொறுக்கியவர். தோட்டத்தின் ஒரு பகுதியை மூடியபோது இரண்டு கிழமைக் கூலியைக் கையில் கொடுத்து, இனி வரவேண்டாம் என்றார்கள். அவர் பெயர் எந்தப் பதிவிலும் இருக்கவில்லை. "பை நல்ல பைதான் டீச்சர்" என்று மட்டும் எங்களிடம் சொன்னார்.

கம்பனிகள் இப்படிக் கொடுப்பதற்குச் "சமூகப் பொறுப்பு" என்று பெயர் வைத்திருக்கின்றன. ஒரு கம்பனி பொறுப்பானதா இல்லையா என்பதை எதைக்கொண்டு அளப்பது? வரும்போது கொடுத்ததையா, போகும்போது கொடுத்ததையா? உலகமெல்லாம் பெயர் தெரிந்த ஒரு கார்க் கம்பனி, நமக்கு அக்கரையில் இருக்கும் தமிழ்நாட்டை விட்டுப் போன கதையை வைத்து இதைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் போர்ட் கம்பனி 1995இல் மஹிந்திராவுடன் கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தது. சென்னைக்குத் தெற்கே மறைமலை நகரிலும், பின்னர் குஜராத்தின் சானந்திலும் ஆலைகள் நடத்தியது. 2021 செப்டெம்பர் 9ஆம் திகதி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டொலருக்கு மேல் நட்டம் என்பது அது சொன்ன காரணம். சுமார் 4,000 தொழிலாளரின் வேலை கேள்விக்குறியானது.

சானந்து ஆலையை வாங்க டாட்டா கம்பனி 2022இல் ஒப்பந்தம் செய்தது. அங்கிருந்த தகுதியுள்ள தொழிலாளருக்குப் புதிய முதலாளியிடம் வேலை கொடுப்பது அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது. மறைமலை நகருக்கு அப்படி யாரும் வரவில்லை. அங்கே மிஞ்சிய கேள்வி ஒன்றுதான்: போகிறவன் என்ன கொடுத்துவிட்டுப் போகிறான்?

இந்தியச் சட்டப்படி, ஆலையை மூடும்போது சேவைக்காலத்தின் ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் நட்டஈடாகக் கொடுத்தால் போதும். தொழிற்சங்கம் இதை ஏற்கவில்லை. பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுபட்டது. 2022 மே மாத முடிவில் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். வேலைக்குத் திரும்பாதவர்களுக்குச் சம்பளம் இல்லை என்று கம்பனி அறிவித்தது. ஜூன் நடுப்பகுதியில் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். மற்றவர்கள் நின்று பிடித்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 115 நாள் சம்பளம் என்று கம்பனி சொல்லியிருந்த தொகை, கடைசியில் 130 நாளாக உயர்ந்து முடிவுக்கு வந்தது. தொழிலாளர் கேட்டது இதைவிட அதிகம். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை.

ஆனாலும் 15 எங்கே, 130 எங்கே? சட்டம் ஒன்று, கம்பனி ஒன்று, அதன் கொள்கைப் புத்தகமும் ஒன்றுதான். இடையில் இருந்தது சங்கம். கம்பனியின் நல்ல மனசு மட்டுமே அந்தத் தொகையைக் கொண்டுவந்தது என்று யாராவது சொன்னால், மே மாதத்தில் ஏன் வேலைநிறுத்தம் நடந்தது என்று கேளுங்கள்.

கதையின் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. அந்த உடன்படிக்கை ஆலையின் நிரந்தரத் தொழிலாளருக்கானது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்களும், காருக்கு உதிரிப்பாகம் செய்துகொடுத்த சிறு ஆலைகளின் தொழிலாளரும் அந்த 130 நாள் கணக்குக்குள் வரவில்லை. பட்டியலில் பெயர் இருந்தவனுக்குக் கிடைத்தது; இல்லாதவன் வெறுங்கையுடன் போனான். நமது தேங்காய் பொறுக்கிய அம்மாவும் இந்த இரண்டாவது வரிசையில்தான் நிற்கிறார்.

இதே போர்ட் ஒரு காலத்தில் தோட்டத்துரையாகவும் இருந்தது. நம்மில் பலருக்கு இது தெரியாது. காருக்கு டயர் வேண்டும், டயருக்கு இறப்பர் வேண்டும். பிரேசிலிலிருந்து கொண்டுபோன இறப்பர் விதையிலிருந்து முளைத்த கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்து, கம்பஹாவில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. பின்னர் இலங்கையிலும் மலாயாவிலும் நமது முன்னோர் அந்த மரங்களில் பால் வெட்டினார்கள். 1922இல் பிரித்தானியர் இறப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டு விலையை உயர்த்தினார்கள். அதனால் ஹென்றி போர்ட் பிரேசில் காட்டிலேயே பெரும் நிலம் எடுத்து, 1928இல் சொந்தத் தோட்டம் தொடங்கினார். அதற்குப் "போர்ட்லாந்தியா" என்று பெயர்.

அங்கே ஆஸ்பத்திரி இருந்தது, பாடசாலை இருந்தது, வரிசை வரிசையாக வீடுகள் இருந்தன. இன்றைக்கு என்றால் சமூகப் பொறுப்புக்கு விருதே கொடுத்திருப்பார்கள். ஆனால் என்ன சாப்பிடுவது, எத்தனை மணிக்கு வேலைக்கு வருவது, ஓய்வு நேரத்தில் எப்படி இருப்பது என்பதை எல்லாம் துரைமார் தீர்மானித்தார்கள். 1930 டிசெம்பரில் சாப்பாட்டு மண்டபத்தில் கலகம் வெடித்தது. நேரம் பதியும் மணிக்கூடுகளைத் தொழிலாளர் அடித்து நொறுக்கினார்கள். மரங்களையும் இலைநோய் தின்றது. 1945இல் போர்ட் அந்த நிலத்தைப் பிரேசில் அரசிடம் அற்ப விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ஆஸ்பத்திரி கட்டியவர்கள், தொழிலாளியை உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இனி நமது இடத்துக்கு வருவோம். முல்லைத்தீவில் இருக்கும் நம்மில் பலரின் குடும்பங்கள் 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவை. அங்கே செக்ரோலில் பேர் இருந்தது. இங்கே அதுவும் இல்லாத கைக்காசு வேலை. 2009இல் உயிரோடு வெளியே வந்தவர்கள், கையில் இருந்த பத்திரங்களையும் அந்தக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். எத்தனை வருடம் யாரிடம் வேலை செய்தோம் என்பதற்கு நம்மிடம் சாட்சி நமது முதுகுவலி மட்டுமே.

ஆனால் சட்டம் நம்மைக் கைவிட்டுவிடவில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவர் வேலையை விட்டு நீங்கும்போது, நாட்கூலிக்காரர் என்றால் ஒவ்வொரு ஆண்டுக்கும் 14 நாள் கூலி கொடுக்கவேண்டும். அந்த அம்மாவின் பன்னிரண்டு வருடத்துக்கு 168 நாள் கூலி வரும். கிடைத்தது இரண்டு கிழமைக் கூலி. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும் தொழிலாளி 8 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 சதவீதமும் கட்டவேண்டும். இவற்றைக் கட்டாமல் கொடுக்கும் புத்தகப்பை, நமது காசில் வாங்கிய புத்தகப்பை.

"இப்படியெல்லாம் கேட்டால் கம்பனி ஓடிவிடும், வன்னிக்கு வேலையே வராது" என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். இந்தப் பயம் வெறும் பேச்சல்ல. வேலை இல்லாத மாதம் எப்படி இருக்கும் என்று நமது அடுப்புக்குத் தெரியும். ஆனால் போர்ட்டைப் பாருங்கள். நட்டம் என்று சொல்லிக்கொண்டே 130 நாள் கணக்கில் கொடுத்தது. 2024இல் மறைமலை நகர் ஆலையை மீண்டும் பயன்படுத்த விரும்புவதாகத் தமிழ்நாடு அரசுக்குக் கடிதம் கொடுத்தது. 2025இல் அங்கே எஞ்சின் உற்பத்திக்கு 3,250 கோடி இந்திய ரூபா முதலிட உடன்படிக்கை செய்தது. சங்கம் வைத்துப் போராடியதற்காக அந்த ஊரை அது ஒதுக்கிவிடவில்லை. தென்னந்தோட்டம் போர்ட் அல்ல என்பது எங்களுக்கும் தெரியும். நாம் 130 கேட்கவில்லை. சட்டம் எழுதிவைத்த 14ஐக் கேட்கிறோம். அதற்கு முன்னால், பேரைப் பதியச் சொல்கிறோம்.

சங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. நிரந்தரத் தொழிலாளரை மட்டும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டு, கைக்காசுக்காரரை வாசலில் நிறுத்தினால், மறைமலை நகரில் ஒப்பந்தத் தொழிலாளருக்கு நடந்ததே இங்கும் நடக்கும்.

ஆகவே இந்த மாதம் ஒரு வேலை செய்வோம். ஒரு கொப்பி எடுங்கள். அந்தக் கம்பனி கொடுத்த கொப்பியே போதும். வேலை செய்த திகதி, இடம், செய்த வேலை, கிடைத்த கூலி, பக்கத்தில் நின்று வேலை செய்தவர் பெயர் ஆகியவற்றை ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். எழுதத் தெரியாத அம்மாமாருக்குப் பிள்ளைகள் எழுதிக்கொடுக்கட்டும்; வகுப்பில் நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம். சம்பளச் சிட்டை கேளுங்கள். அடையாள அட்டையைக் கொண்டுபோய்த் தொழில் திணைக்கள அலுவலகத்தில் சேமலாப நிதிக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் சங்கத்தில் சொல்லுங்கள், கூடவே வருகிறோம்.

அந்த அம்மாவுடன் பன்னிரண்டு வருடம் சேர்ந்து வேலை செய்த நான்கு பேரைத் தேடிப் பிடித்திருக்கிறோம். தொழில் ஆணையாளருக்கு முறைப்பாடு எழுதியாகிவிட்டது. நான்கு பேரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்.